"அவன் பொய்தானே சொல்றான், தாத்தா?"

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவன். சனிக்கிழமை மதியம் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். அப்போது பெற்றோர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்த ஸ்டார் வார்ஸ் சின்னப் பிள்ளைங்க பாக்குற படமா, பெரியவங்க பாக்குற படமா?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது பிள்ளைகளின் படம். ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிச் சுற்றி இங்கேயேதான் வரப்போகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலைவனம் மாதிரி ஒரு கிரகத்தில் மாமா அத்தை வீட்டில் வளர்கிற பையன் லூக். சிறைப்பட்ட ஓர் இளவரசி. வித்தை சொல்லித்தருகிற ஒரு வயசாளி. தலை முதல் கால் வரை கறுப்புக் கவசம் போட்ட வில்லன், டார்த் வேடர். கதை இவ்வளவுதான். பாட்டி சொல்கிற ராஜா ராணிக் கதைக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

இதை எடுத்த ஜார்ஜ் லூகாஸ், சின்ன வயசில் பார்த்த ஃபிளாஷ் கார்டன் என்ற விண்வெளித் தொடரைத்தான் முதலில் புதிதாக எடுக்க நினைத்தார். உரிமை கிடைக்கவில்லை. சரி, நாமே ஒன்று எழுதுவோம் என்று உட்கார்ந்தார். படத்தின் ஆரம்பத்தில் எழுத்துகள் கீழேயிருந்து மேலே போய் மறையும் அல்லவா, அது அந்தப் பழைய தொடர்களிலிருந்து வந்ததுதான். போன வாரம் என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்கு நினைவுபடுத்துகிற எழுத்து அது.

1977 மே 25-ஆம் தேதி அமெரிக்காவில் முப்பத்துச் சொச்சம் தியேட்டர்களில் மட்டும் படம் வெளியானது. இவ்வளவு பெரிதாக ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு பொம்மைகள் தயாராகவில்லை. கென்னர் என்ற பொம்மைக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ஓர் அட்டையை விற்றது. உள்ளே பொம்மை கிடையாது. பிறகு நான்கு பொம்மைகள் அனுப்புவோம் என்ற உறுதிச் சீட்டுதான் இருந்தது. பிள்ளைகள் அதற்கும் ஆசையாகக் காத்திருந்தார்கள். யாருடைய படம் என்று அந்தப் பிள்ளைகள் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

லூகாஸும் இதை மறைத்ததில்லை. 2017-இல், படத்தின் நாற்பதாவது வருஷ விழாவில், பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளை நினைத்து எடுத்த படம் என்று மேடையிலேயே சொன்னார். அப்பா அம்மாதான் உலகம் என்ற நிலை மாறுகிற வயசு, வெளியே போகப் பயமாக இருக்கிற வயசு. நட்பு, நேர்மை, நம்பிக்கை, எது சரியோ அதைச் செய்வது, இவற்றை அந்த வயசுக்காரர்களுக்குச் சொல்ல நினைத்தேன் என்றார்.

இது வானொலி. காட்சியை உங்களுக்குக் காட்ட என்னால் முடியாது. ஆனால் இந்தப் படத்தில் பாதி வேலையைக் காதுதான் செய்கிறது. டார்த் வேடர் வரும்போது முகம் தெரியாது. மூச்சுதான் கேட்கும். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. ஒலி வடிவமைத்த பென் பர்ட், கடலில் முக்குளிப்பவர்கள் வாயில் வைத்துக்கொள்கிற சுவாசக் கருவிக்குள் சின்ன மைக் ஒன்றை வைத்துப் பதிவு செய்த சத்தம் அது. ராத்திரி விளக்கு அணைந்த பிறகு, பக்கத்தில் படுத்திருக்கும் பெரியவரின் மூச்சு குழந்தைக்குக் கேட்குமே, அதை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் அது ஆறுதலாக இருக்கும். இன்னொரு நாள் பயமாக இருக்கும்.

அதே மனிதர் செய்த இன்னொரு சத்தத்தையும் சொல்ல வேண்டும். ஆர்-டூ-டி-டூ என்று ஒரு குட்டை ரோபோ. அதற்குப் பேச்சு கிடையாது, கீச்சு கீச்சு என்ற சத்தம்தான். பர்ட் தன் வாயால் மழலை மாதிரி சத்தங்கள் எழுப்பி, அவற்றை சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒலியோடு கலந்து அதை உருவாக்கினார். என் பேத்தி முதல் தடவை பார்த்தபோது அவளுக்கு ஏழு வயசு. அமெரிக்க ஆங்கிலம் பாதி பிடிபடவில்லை. நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்த ரோபோ பேசும்போது மட்டும் என் வாயைப் பொத்துவாள். "எனக்குப் புரியுது, தாத்தா" என்பாள். சந்தோஷமா, கோபமா, பயமா என்று சரியாகச் சொல்வாள்.

அந்தப் பேத்தியால்தான் இந்தப் பேச்சே. என் பெரிய பேரனுக்கு அப்போது பதிமூன்று. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு 1980-இல் வந்த இரண்டாவது படத்தைப் போட்டேன். உங்களில் பலருக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். சண்டையில் லூக்கின் கை துண்டாகிவிடுகிறது. கீழே அதல பாதாளம். கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். அப்பாவைக் கொன்றவன் இவன்தான் என்று நினைத்து வந்த பையனிடம் டார்த் வேடர் சொல்கிறான், நான்தான் உன் அப்பா என்று.

படம் எடுக்கும்போது இந்த விஷயம் விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் தெரியும். கவசத்துக்குள் இருந்த நடிகரிடமே வேறு வசனம்தான் கொடுத்திருந்தார்கள். லூக்காக நடித்த மார்க் ஹாமிலிடம் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்னால்தான் இயக்குநர் சொன்னார். குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பின்னால் வந்து சரியான வசனத்தைப் பேசினார்.

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். என் பேரன் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான். வாயே திறக்கவில்லை. பேத்தி என் பக்கம் திரும்பினாள். "அவன் பொய்தானே சொல்றான், தாத்தா?" அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. கெட்டவன் பொய் சொல்வான், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த இரண்டு பிள்ளைகள். ஒருவன் ஒரு படம் பார்த்தான், இன்னொருத்தி வேறு படம் பார்த்தாள்.

பிறகுதான் லூகாஸ் இதைப் பற்றிச் சொன்னதைப் படித்தேன். அவர் குழந்தை மனநல நிபுணர்களைக் கலந்து பேசியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் வேடர் பொய் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், நம்பிக்கையான ஒருவர் சொன்னால்தான் ஏற்பார்கள் என்பது அவருக்குத் தெரிய வந்தது. அதனால்தான் 1983-இல் வந்த மூன்றாவது படத்தில், சாகக் கிடக்கும் குரு யோடாவிடம் லூக் நேராகவே கேட்கிறான். யோடா ஆமாம் என்கிறார். பெரியவர்களுக்கு அந்தக் காட்சி தேவையே இல்லை. நமக்குத்தான் மூன்று வருஷம் முன்பே தெரியுமே! அது ஏழு வயசுக்காரிக்காக வைத்த காட்சி. தாங்க முடியாத உண்மையைத் தள்ளிப்போட ஒரு குழந்தைக்கு மூன்று வருஷம் அவகாசம் கொடுத்து, அப்புறம் அன்பான ஒரு கிழவர் வாயால் சொல்லவைத்தார்கள். பிள்ளைகளை இவ்வளவு மதித்த வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் அவகாசம் ஒரு வாரம். யோடா சொன்னதும் பேத்தி அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா கெட்டவரா இருந்தா பிள்ளை என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். படத்தை நிறுத்தினேன். அரை மணி நேரம் பேசினோம். பேரனும் பேசினான். பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த அரை மணி நேரத்துக்காகத்தான்.

அப்படியானால் இது பெரியவர்கள் படம் என்று சிலர் ஏன் அடித்துச் சொல்கிறார்கள்? கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 1977-இல் பத்து வயசாக இருந்த பையனுக்கு 1983-இல் பதினாறு. மூன்றாவது படத்தில் ஈவாக் என்று கரடிப் பொம்மை மாதிரி ஒரு கூட்டம் வந்தது. பதினாறு வயசுக்காரனுக்குக் கோபம், இது குழந்தைத்தனம் என்று. 1999-இல் நான்காவதாக ஒரு படம் வந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு. அதில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்று ஒரு கோமாளிப் பாத்திரம். இன்னும் கோபம். படம், பிறகு டார்த் வேடராக மாறப்போகிற ஒன்பது வயசுச் சிறுவனைப் பற்றியது, ஒன்பது வயசுப் பிள்ளைகள் தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பத்திரண்டு வயசுக்காரர் தனக்காக எடுக்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

அந்த வருத்தம் ஒரு மனிதரைப் படாத பாடு படுத்தியது. ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்ட் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். வந்து விழுந்த வசையில் உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கிற அளவுக்குப் போனதாக 2018-இல் அவரே வெளியே சொன்னார். பிள்ளைகளை மகிழ்வித்ததற்கா இந்தத் தண்டனை? எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஆனால் 1999-இல் சிரித்த பிள்ளைகள் வளர்ந்து அவரைக் கொண்டாடினார்கள். 2023-இல் மேண்டலோரியன் என்ற ஸ்டார் வார்ஸ் தொடரில், ஆபத்திலிருக்கும் ஒரு குழந்தையை வாளேந்திக் காப்பாற்றுகிற வீரராக அவரே வந்தார். அந்தக் காட்சியில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஈவாக் பற்றி ஒன்றை விட்டுவிடக் கூடாது. கல்லும் கழியும் வைத்துக்கொண்டு ஒரு பேரரசின் படையைத் தோற்கடிக்கிற சின்ன மனிதர்கள் அவர்கள். வியட்நாம் போரை மனசில் வைத்து எழுதியதாக லூகாஸ் சொல்லியிருக்கிறார். தன் நாடே அந்தப் பேரரசின் இடத்தில் இருந்தது என்றும் சொன்னார். பதினாறு வயசுக்காரன் குழந்தைத்தனம் என்று தள்ளிய இடத்தில்தான் படத்தின் கனமான அரசியல் இருந்தது.

எல்லாப் படமும் எல்லாப் பிள்ளைக்கும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் யு, ஏ என்று போடுவதைப்போல அமெரிக்காவிலும் தரம் பிரிக்கிறார்கள். முதல் ஐந்து படங்கள், பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற வகை. 2005-இல் வந்த ஆறாவது படம்தான் முதன்முதலாகப் பதிமூன்று வயசுக்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை என்ற வகைக்குள் போனது. அதில் நல்லவன் கெட்டவனாகிறான், குழந்தைகளையே கொல்கிறான், நெருப்பில் வேகிறான். ஐந்தாறு வயசுப் பிள்ளையை இதற்கு அழைத்துப் போகமாட்டேன் என்று லூகாஸே தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அதைக் கேளுங்கள். 2015 முதல் 2019 வரை திரைக்கு வந்த ஐந்து படங்களும் இதே எச்சரிக்கை வகைதான்.

மணியைப் பார்க்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி கை காட்டுகிறார். இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது, ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

2013-இல் முதல் படத்தை நவஹோ மொழியில் பேசவைத்தார்கள். அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழி அது, இளையவர்களிடம் குறைந்துகொண்டே வருகிறது. அந்த மக்களின் அருங்காட்சியகம் முன்நின்று செய்த வேலை. மொழி தெரிந்த தாத்தா பாட்டியும் கதை தெரிந்த பேரப்பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளைக்கு வசனத்தைப் பாட்டி சொல்லலாம், பாட்டிக்குக் கதையைப் பிள்ளை சொல்லலாம். இதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச எழுதிவைத்திருந்தேன்.

அடுத்தது, 2022-இல் தொடங்கிய ஆண்டோர் என்ற ஸ்டார் வார்ஸ் தொடர். சிறை, உளவு, அடக்குமுறை. அது பெரியவர்களுக்கானது, அருமையானது, பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

யாராவது இந்த வாரக் கடைசியில் வீட்டில் போடுவதாக இருந்தால், 1977 படத்தில் ஆரம்பியுங்கள், 1980, 1983 என்று வந்த வரிசையிலேயே போங்கள். 1999 படத்தை அதற்கப்புறம் வையுங்கள். வரிசையை மாற்றினால் அப்பா யார் என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்துபோகும். கூடத்து விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். நிறுத்துகிற பொத்தான் உங்கள் கைக்கு எட்டட்டும். நன்றி, வணக்கம்.