மூடாத வட்டம்

[தம்புரா ஒலி. சிறிது நேரம் தனியாக. பிறகு பேச்சுக்கு அடியில் மெல்லத் தொடரும்.]

வணக்கம் நேயர்களே.

பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். இந்தத் தம்புராவில் நான்கே தந்திகள். ஸரிகமவில் ‘க’ என்கிற காந்தாரத்துக்கென்று தனித் தந்தி கிடையாது. ஆனால் சுருதி நன்றாகச் சேர்ந்து, தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் ஜீவா நூல் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டால், மந்தரத் தந்திக்குள்ளிருந்து ஒரு காந்தாரம் தானாக எழுந்து வரும். சங்கீதக்காரர்கள் அதை ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். கொஞ்சம் பேச்சை நிறுத்துகிறேன், கேளுங்கள்.

[தம்புரா ஒலி உயரும்.]

இப்போது இதே ஸட்ஜத்துக்கு, அதாவது இதே ஆதார ‘ஸ’வுக்கு, சேர்த்துவைத்த ஒரு சாதாரண மின்னணு கீபோர்டில் அந்தர காந்தாரத்தை, அதே ‘க’வுக்கான கட்டையை, மட்டும் அழுத்துகிறேன்.

[தம்புராவோடு கீபோர்டின் காந்தாரம், பத்து வினாடி.]

உரசுகிறது, இல்லையா? மந்தரத் தந்தி வினாடிக்கு 120 தடவை அதிர்கிறது. அதற்குள் பிறக்கும் காந்தாரம் அதன் ஐந்து மடங்கு, சரியாக 600. கீபோர்டு தருவதோ ஏறக்குறைய 605. அந்த ஐந்து அதிர்வு வித்தியாசம்தான் வினாடிக்கு ஐந்து முறை விம்மி விம்மி அடங்குகிறது. கீபோர்டில் எந்தப் பழுதும் இல்லை. அதை அப்படித்தான் சுருதி சேர்க்கிறார்கள். ஏன் அப்படி, வேறு எப்படிச் சேர்க்கலாம், அப்படிச் சேர்த்தால் வாசிப்பதற்கு என்ன மாதிரி கட்டைகள் வேண்டும் என்பதைத்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

என் அப்பா நாடக செட்டுகளுக்கு ஆர்மோனியம் பழுது பார்த்தவர். ரீடின் நாக்கை அவர் அரத்தால் சுரண்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நுனியில் ஒரு இழை சுரண்டினால் சுரம் ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். இரண்டு இழுப்பு அதிகமாகிவிட்டால் அந்த ரீடு போனதுதான். ஒருமுறை நாலு கட்டைச் சுருதியில் பாடும் ராஜபார்ட் நடிகர் ஒருவருக்காக, தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டி முழுவதையும் சுத்தமாகச் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் பெட்டி பேசிய மாதிரி வேறொரு பெட்டி பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் ஐந்து கட்டைக்காரர் ஒருவர் அதே பெட்டிக்குப் பாட உட்கார்ந்தார். பஞ்சமம் அழுதது. நாலு கட்டையின் தைவதம்தான் ஐந்து கட்டைக்குப் பஞ்சமம். காந்தாரத்தோடும் மத்தியமத்தோடும் இனிமையாக ஒட்டுகிற தைவதம் அது. புதிய ஸட்ஜத்துக்குப் பஞ்சமமாக நிற்க அதற்கு உயரம் போதவில்லை. அப்பாவை அந்த செட்டில் எல்லார் முன்னாலும் திட்டினார்கள். அவர் செய்தது தவறில்லை என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

கணக்கு இதுதான். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் ஒன்றரை மடங்கு. பஞ்சமத்துக்குப் பஞ்சமம், அதற்குப் பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை ஏறினால் மறுபடி ஸட்ஜத்துக்கே வந்துவிட வேண்டும் என்று காது ஆசைப்படுகிறது. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது. ஒரு ஸ்தாயி ஏறினால் இரண்டு மடங்கு; அப்படி ஏழு ஸ்தாயி மேலே இருக்கும் ஸட்ஜம் 128. வட்டம் மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவே உள்ள அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைய பியானோவும் கீபோர்டும் அந்த நீட்டலைப் பன்னிரண்டு கட்டைக்கும் சமமாகப் பங்கு போட்டு வட்டத்தை மூடிவிட்டன. பஞ்சமத்துக்கு அதில் பெரிய நஷ்டம் இல்லை. காந்தாரம்தான் பலியானது. அதைத்தான் நீங்கள் சற்று முன் கேட்டீர்கள்.

நம் மண்ணில் இந்த வட்டத்தைப் பற்றி உயிரைக் கொடுத்துச் சிந்தித்தவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவம் செய்து சம்பாதித்ததை இசை ஆராய்ச்சியில் போட்டவர். 1916இல் பரோடாவில் நடந்த சங்கீத மாநாட்டுக்குப் போய், ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கணக்கு பொருந்தாது என்று வாதாடினார். அவருடைய புதல்வியர் வீணையில் வாசித்துக் காட்டினார்கள். மறு வருஷம் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அந்த வாதத்தை விரிக்கிறது. பாலை திரிய வேண்டுமானால், அதாவது எந்தச் சுரத்தையும் ஸட்ஜமாக்க வேண்டுமானால், இடைவெளிகள் சமமாக இருந்தாக வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த முடிவு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. காந்தாரத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் எந்தக் கட்டையிலிருந்தும் பாட முடிய வேண்டும் என்ற அவருடைய கேள்வி, அப்பாவின் பெட்டியில் நான் பார்த்த அதே கேள்வி. அதை நான் தள்ளிவிட முடியாது.

இரண்டும் வேண்டும் என்றால் ஒரே வழிதான் உண்டு: கட்டைகளைக் கூட்டுவது.

எத்தனை? 1555இல் இத்தாலியில் விச்சென்டினோ என்பவர் ஒரு ஸ்தாயிக்கு 36 கட்டை உள்ள இசைப்பெட்டியைப் பற்றி எழுதினார். ஹாலந்து தேசத்து விஞ்ஞானி ஹைகன்ஸ், சனிக் கிரகத்தைச் சுற்றியிருப்பது வளையம் என்று சொன்ன அதே ஹைகன்ஸ், லாகரிதம் போட்டுப் பார்த்து 1691இல் 31 என்றார். ஒரு ஸ்தாயியை 31 சம படிகளாகப் பிரித்தால் பத்தாவது படியில் அந்தர காந்தாரம் வந்து நிற்கிறது. தம்புராவின் ஸ்வயம்பு காந்தாரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை. பியானோவில் அதே வித்தியாசம் 14 பங்கு. பஞ்சமம் பதினெட்டாவது படி. அது ஐந்து பங்கு குறைகிறது, அதை மறைக்க மாட்டேன்.

ஹைகன்ஸின் கணக்கு இருநூற்றைம்பது வருஷம் காகிதத்திலேயே கிடந்தது என்றே சொல்லலாம். அதை எடுத்துக் குழாய்களாக்கியவர் ஆட்ரியான் ஃபோக்கர் என்ற இயற்பியலாளர். இயற்பியல் படித்தவர்களுக்கு ஃபோக்கர்–பிளாங்க் சமன்பாடு என்று அவர் பெயர் தெரிந்திருக்கும். ஹாலந்தின் ஹார்லெம் நகரத்து டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தின் இயற்பியல் கூடத்துக்கு அவர் பொறுப்பாளர். இரண்டாம் உலகப் போர் நடந்து, நாடு ஜெர்மானியர் கையில் இருந்த வருஷங்களில் அவர் மனம் இசைக் கணக்குக்குத் திரும்பியது. 1950இல் அந்த அருங்காட்சியகத்திலேயே 31 சுர ஆர்கன் ஒலித்தது. தமக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு அவரே அதற்கு இசையும் எழுதினார். அந்த ஆர்கன் இப்போது ஆம்ஸ்டர்டாமில், ஒரு கச்சேரி மண்டபத்தில் இருக்கிறது.

அதன் கட்டைகளைப் படத்தில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. வெள்ளை, கறுப்பு, நீலம் என்று மூன்று நிறம். வரிசைக்கு மேல் வரிசையாக, படிக்கட்டுப் போல ஏறுகின்றன. அந்த அடுக்குமுறைக்கு மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த போசன்கெட் என்பவர் 1870களில், ஒரு ஸ்தாயிக்கு 84 கட்டை வைத்து 53 சுர ஆர்மோனியம் ஒன்று செய்வித்தார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அது பத்திரமாக இருக்கிறது. நம்முடைய 22 சுருதியைப் பற்றி 1877இல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை எழுதியவரும் அவரே. அவர் கண்டுபிடித்த அடுக்கில் ஒரு பெரிய நன்மை உண்டு. எந்தச் சுரத்தை ஸட்ஜமாக வைத்தாலும் விரல் போகும் வடிவம் ஒன்றே.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கீபோர்டு வகுப்புக்குப் போகும் குழந்தை ஒரு கட்டையில் மாயாமாளவகௌளை ராகம் பழகுகிறது. இரண்டு கட்டை தள்ளி வாசி என்றால் கறுப்பும் வெள்ளையும் மாறிப்போய் விரல் திண்டாடும். அதற்குத்தான் டிரான்ஸ்போஸ் பொத்தான். போசன்கெட் அடுக்கில் அந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லை. கையை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்தால் போதும்.

நான் வீட்டில் செய்துகொண்ட பலகை இந்த அடுக்குத்தான். வீடியோ கேம் பெட்டிகளில் வருகிற வட்டப் பொத்தான்கள், நான்கு ஸ்தாயிக்கு 124. வலப்பக்கம் ஒரு பொத்தான் நகர்ந்தால் ஐந்து படி, அதாவது ஸட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபம். வலது மேல் மூலைக்குப் போனால் இரண்டு படி. வலது கீழ் மூலைக்குப் போனால் மூன்று படி. இரண்டும் அரைச்சுரம்தான், ஆனால் ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பியானோவில் இரண்டும் ஒரே கட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தவை. வலப்பக்கம் இரண்டு போனால் காந்தாரம். மூன்று போய், அங்கிருந்து வலது கீழ் மூலைக்கு ஒன்று இறங்கினால் பஞ்சமம்.

முதல் தடவை ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். நான்காவதாக ஒரு சுரம் கூடவே ஒலித்தது. நான் தொடாத சுரம். பொத்தான்களை வரிசையும் பத்தியுமாகப் பின்னிக் கம்பி இழுத்திருந்தேன்; ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் மின்சாரம் சுற்றிக்கொண்டு போய் நான்காவது மூலையையும் அழுத்தியதாகக் காட்டிவிடும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு, பொத்தானுக்கு ஒன்று வைத்தால்தான் அது நிற்கும். அரிசி மணி அளவு டயோடுகள், 124. ஒன்பது ராத்திரி சால்டரிங் குச்சியோடு உட்கார்ந்தேன். பத்தாவது ராத்திரி கேட்டது இது.

[31 சுரப் பலகையில் ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் சேர்ந்து.]

இன்னொன்றும் கேளுங்கள். ஸட்ஜத்திலிருந்து வலப்பக்கம் ஐந்து பொத்தான் போகிறேன். சதுஸ்ருதி தைவதமும் இல்லை, கைசிகி நிஷாதமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம். தம்புராத் தந்திக்குள் ஏழாவது மடங்காகப் பிறக்கிற சுரம் இது. நம் காதுக்குத் தெரிந்ததுதான், பெயர் மட்டும் வைக்கவில்லை.

[முன்னதோடு அந்தச் சுரமும் சேர்ந்து. நீடித்து அடங்கும்.]

வானொலியில் இதைப் பேசும்போது ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. அகில இந்திய வானொலி 1940 மார்ச் முதல் ஆர்மோனியத்தை நிறுத்திவைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. தடைக்கு முன்பே ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதியவர்களில் ஒருவர் ஜான் ஃபோல்ட்ஸ். டெல்லி நிலையத்தில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கில இசையமைப்பாளர். தம் இசையிலேயே கால் சுரங்களைப் பயன்படுத்தியவர். அவர் காதில் அந்தப் பன்னிரண்டு கட்டை எவ்வளவு முரடாக ஒலித்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் ஆர்மோனியத்தின் மேல் இரண்டு குறைகள் சொன்னார்கள். சுரம் சுத்தமில்லை என்பது ஒன்று. அரமும் கூடுதல் கட்டைகளும் இருந்தால் தீர்ந்துபோகிற குறை. கமகம், அதாவது சுரத்தின் அசைவு, பேசாது என்பது இன்னொன்று, அது தீராது. முதல் குறைக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். நாடக மேடையிலும் கோயில் பஜனையிலும் அந்தப் பெட்டியை நம்பிப் பிழைத்தவர்களுக்கு வானொலி வாசல் முப்பத்தொரு வருஷம் மூடிக்கிடந்தது.

என் பலகைக்கும் அந்த இரண்டாவது குறை உண்டு. 31 பொத்தானை வைத்துக்கொண்டு தோடி ராகம் வாசிக்க முடியாது. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியே அல்ல. அது ஓர் அசைவு. வீணைக்காரர் மெட்டின் மேல் தந்தியை இழுத்துக் கொண்டுவருவதை எந்தப் பொத்தானாலும் கொண்டுவர முடியாது. ஆகவே நான் இதில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதில்லை. சுரங்கள் அசையாமல் நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிக்கும்போது என்ன நடக்கிறதோ அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

எழுதுவது எப்படி என்று கேட்கிறார்கள். நான் பலகையிலிருந்துதான் எழுதுகிறேன். கை போகாத இடத்துக்கு என் கற்பனையும் போவதில்லை. பன்னிரண்டு கட்டையோடு இருந்த வரையில் எனக்கு இதெல்லாம் தோன்றியதே கிடையாது. இப்போது ஒலிக்கப்போகிறது ஒரு சின்ன உருப்படி. கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இதன் வழி புரிந்துவிடும். ஸட்ஜத்தில் ஒரு மெட்டு. அதன் காந்தாரத்தை ஸட்ஜமாக்கி மறுபடி அதே மெட்டு. அதன் காந்தாரத்தில் மறுபடி. மூன்றாவது காந்தாரம் வரும்போது, பியானோவானால் நீங்கள் மேல் ஸட்ஜத்தில் வீட்டுக்கு வந்துவிட்டிருப்பீர்கள். காந்தாரம் சுத்தமாக இருந்தால் வர முடியாது. பத்தும் பத்தும் பத்தும் முப்பது. ஒரு படி குறைகிறது. அந்தக் குறைந்த இடத்தையே வீடாக்கி, ஒரு ஸ்தாயி கீழே எடுத்துக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்குகிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி இறங்கும். வட்டம் மூட வேண்டுமானால் 31 சுற்று போக வேண்டும். இன்றைக்கு நேரம் ஐந்து சுற்றுக்குத்தான் இருக்கிறது.

நடுவில் எங்கேயும் இறங்கிய மாதிரி உங்களுக்குத் தோன்றாது. ஒவ்வொரு தாவலும் சுத்தமான தாவல். அதனால் தம்புராவை இப்போது நிறுத்திவிடுகிறேன். ஐந்தாவது சுற்று முடிந்து, ஸட்ஜம் என்று நம்பி நீங்கள் நிற்கிற இடத்தில் அதை மறுபடி மீட்டச் சொல்லியிருக்கிறேன். அப்போது நீங்கள் நிற்பது மந்தர ஸ்தாயி கைசிகி நிஷாதத்தில்.

[தம்புரா நிற்கும். இசை: ஐந்து சுற்று. கடைசிச் சுரம் நீளும்போது தம்புரா மீண்டும் சேர்ந்து, இரண்டும் ஒலித்து அடங்கும்.]