பூஸ்ட் ஏறினா பெட்ரோல் பத்தலையா? பம்ப்பைக் கழட்டாதீங்க, முதல்ல இதைப் பாருங்க

[திரையில்: பூஸ்ட் கேஜ், முள் 8 பி.எஸ்.ஐ.]

பெட்ரோல் டிரக்ல தனியா ஒரு சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற ப்ளோயர்) மாட்டியாச்சு; அது ஏத்துற கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். பம்ப் புதுசு, பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரும் பெருசு. ஆனாலும் ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சா கலவை லீன் ஆகுது (காற்றுக்கேத்த பெட்ரோல் பத்தல), இன்ஜின் நாக் அடிக்குது (கலவை தானா வெடிச்சுத் தட்டுது). ஏன்?

பின்னணி சுருக்கமா: உள்ளே போற காற்றை ஈ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) கணக்குப் போட்டு, அதுக்கேத்த நேரம் இன்ஜெக்டரைத் திறக்கும். ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாத பெட்ரோல் டிரக்ல அந்தக் கணக்கே மேப் சென்சாரை நம்பித்தான். மேனிஃபோல்டுக்குள்ள, அதாவது இன்ஜினுக்குக் காற்று போற குழாய்க்குள்ள, அழுத்தத்தை அளக்குறது அதுதான்.

இப்போ கவனிங்க. சூப்பர்சார்ஜர் இல்லாம வந்த வண்டியில பெரும்பாலும் 1 பார் (100 கிலோபாஸ்கல்) அளவுக்கான மேப் சென்சார் இருக்கும். அது 105 கிலோபாஸ்கல் பக்கத்துல நின்னுடும். கடல் மட்டத்துல வெளிக்காற்றே 101. அதுமேல 8 பி.எஸ்.ஐ. ஏறினா இன்னொரு 55. ஆக மேனிஃபோல்டுக்குள்ள 156! 100 கிலோ தராசுல 156 கிலோ மூட்டையை ஏத்தின கதைதான். முள் கடைசிக் கோட்டுல முட்டி நிக்கும். ஈ.சி.யூ. 105-க்குத்தான் பெட்ரோல் விடும். மூணுல ஒரு பங்கு காற்றுக்குப் பெட்ரோலே கிடையாது. பிஸ்டன் உருகுறது இப்படித்தான். எரர் கோட் வரட்டும்னு காத்திருக்காதீங்க, சென்சார் கெட்டே போகல.

[திரையில்: ஸ்கேனர் லாக், மேப் கோடு மட்டமா ஓடுது]

சோதிக்கிறது சுலபம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: கடல் மட்டத்துல மேப் 100 பக்கம் காட்டணும். அப்புறம் பூஸ்ட்ல ஸ்கேனர் லாக் (பதிவு) எடுங்க. கேஜ் முள் ஏறிக்கிட்டே இருக்கு, மேப் மட்டும் 105-ல படுத்துடுச்சுன்னா, ஆளு மாட்டிக்கிட்டார்! உடனே காலை எடுத்துடுங்க.

2 பார் சென்சாரை மாட்டினா மட்டும் போதாது. அதே அழுத்தத்துக்கு அது கிட்டத்தட்ட பாதி வோல்ட்தான் அனுப்பும். ஈ.சி.யூ.-வில ஸ்கேலிங் (எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு அழுத்தம்ங்கிற கணக்கு) மாத்தலைன்னா 100-ஐ 50-னு படிச்சு, ஐடிலிங்லயே லீன் ஆகும்.

ஆக்ஸிஜன் சென்சார் சரிபண்ணிடும்னு நம்பாதீங்க. முழு த்ராட்டில்ல ஈ.சி.யூ. ஓப்பன் லூப்புக்குப் போயிடும், அதாவது நேரோபேண்ட் (வண்டியோட வந்த சாதா ஆக்ஸிஜன் சென்சார்) சொல்றதைக் கேட்காது. வைட்பேண்ட் (கலவையைத் துல்லியமா அளக்குற ஆக்ஸிஜன் சென்சார்) மாட்டி, ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 11.5-லருந்து 12 பங்குக்குள்ள இருக்கான்னு நீங்கதான் பார்க்கணும்.

காற்று வெப்ப சென்சார் ஃபில்டர் பக்கமே இருந்தா, ப்ளோயருக்கு அப்புறம் 90 டிகிரி ஆன காற்றை 30-னு நினைச்சு ஸ்பார்க் டைமிங்கைக் குறைக்காது. அதை ப்ளோயருக்குப் பின்னாடி மாத்துங்க.

இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் கொடுக்குற குழாயோட (ஃப்யூயல் ரெயில்) அழுத்தம் 58 பி.எஸ்.ஐ.-லயே நிலையா இருக்கிற வண்டியா? 8 பூஸ்ட் எதிர்த்துத் தள்ளினா மிச்சம் 50, இன்ஜெக்டர் ஃப்ளோ 7 சதவீதம் குறையும்.

உங்க லாக்ல மேப் எங்க நின்னுச்சு? பூஸ்ட் எவ்வளவுன்னும் சேர்த்து கமென்ட்ல போடுங்க.