இருநூறு டாலர் எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்துக்காக உங்கள் வரியைக் கூட்டட்டுமா என்று மக்களிடமே கேட்டால் என்ன சொல்வார்கள்? கலிஃபோர்னியாவில் 2012 நவம்பர் 6 அன்று கேட்டார்கள். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் சரி என்றார்கள். 30ஆம் முன்மொழிவு என்று அதற்குப் பெயர். முன்னின்றவர் ஆளுநர் ஜெர்ரி பிரவுன்.

சட்டசபையிலேயே கூட்டியிருக்கலாமே என்பீர்கள். 1978 முதல் அங்கே வரியைக் கூட்ட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அது கிடைக்காதபோது, கையெழுத்து திரட்டி மக்களிடம் போகலாம். 2012இல் அதற்கு 8,07,615 கையெழுத்து தேவைப்பட்டது.

கூட்டியது இரண்டு வரி. விற்பனை வரி நூறு டாலருக்கு 25 சென்ட், நான்கு வருடத்துக்கு. சமைக்க வாங்கும் அரிசி, பால், காய்கறிக்கு அங்கே விற்பனை வரி கிடையாது. செருப்பு, சட்டைக்கு உண்டு. அடுத்தது வருமான வரி, ஏழு வருடத்துக்கு. தனிநபருக்கு 2,50,000 டாலருக்கு மேல் வருகிற தொகைக்கு மட்டும் ஒன்று முதல் மூன்று சதவீதம் கூடுதல். அந்த ‘மேல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வரிக்குரிய வருமானம் 2,60,000 என்றால், மிஞ்சிய பத்தாயிரத்துக்கு நூறு டாலர்தான் கூடுதல்.

இனி, பலரும் குழம்பும் இடம். இந்த வரி கல்விப் பாதுகாப்புக் கணக்கு என்ற தனிக் கணக்கில் சேரும். 89 சதவீதம் பள்ளிகளுக்கு, 11 சதவீதம் சமூகக் கல்லூரிகளுக்கு, அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகளுக்கு. பள்ளி மாணவர் ஒருவருக்குக் குறைந்தது 200 டாலர். கேட்டதும் பெற்றோர், ‘எங்கள் பள்ளிக்கு வந்த புதுப் பணம் எங்கே?’ என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில், அதாவது ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளில், அது மேல்வரவு இல்லை.

கணக்காகவே பார்ப்போம். ஒரு மாணவருக்கு 8,000 டாலர் சேரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் சொத்து வரி 3,000 தருகிறது. மீதி 5,000 மாநிலம் தரவேண்டும். புதுக் கணக்கிலிருந்து 1,500 வந்தால், மாநிலம் தன் பொது நிதியிலிருந்து 3,500 மட்டும் தரும். மொத்தம் அதே 8,000. மறுபடி சொல்கிறேன்: மொத்தம் மாறவில்லை, வந்த வழிதான் மாறியது. சொத்து வரியிலேயே நிறைந்துவிடும் வசதியான மாவட்டங்களுக்கு மட்டும் அந்த 200 உண்மையிலேயே கூடுதல்.

அப்படியானால் ஏமாற்றா? இல்லவே இல்லை. தோற்றிருந்தால் பள்ளிகளுக்கும் சமூகக் கல்லூரிகளுக்கும் சுமார் 540 கோடி டாலர் வெட்டு, எழுதித் தயாராக இருந்தது. இது சுவருக்குக் கொடுத்த முட்டு. புது அறை கட்டித் தராது, எடுத்தால் கூரை இறங்கும்.

செலவுக்கும் கட்டுப்பாடு உண்டு. நிர்வாகிகளின் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. பள்ளிக் குழு பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்து, செலவை இணையதளத்தில் போடவேண்டும். பல குழுக்கள் ‘ஆசிரியர் சம்பளம்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகின்றன. சட்டப்படி சரி, பெற்றோருக்கு ஒன்றும் விளங்காது. அங்கே கேட்கவேண்டியது, ‘மாணவர் ஒருவருக்கான மொத்த ஒதுக்கீடு சென்ற வருடத்தைவிடக் கூடியதா?’ என்பதுதான்.

நேரம் நெருங்குகிறது, தற்காலிகம் என்றார்களே, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்பனை வரி 2016 கடைசியில் நின்றது. வருமான வரியை அதே 2016இல் 55ஆம் முன்மொழிவு 2030 வரை நீட்டியது. பெரும் பணக்காரர் வருமானம் பங்குச் சந்தையோடு ஏறி இறங்கும். ஆசிரியர் சம்பளமோ மாதாமாதம் கொடுக்கவேண்டும். நல்ல வருடத்தில் எடுத்துவைக்க, 2014இலேயே ஒரு சேமிப்பு ஏற்பாட்டுக்கும் வாக்களித்திருக்கிறார்கள். வணக்கம்.