சிஸ்டம் ஃபங்ஷனில் சிடி கொடுத்தால் டைரக்டரி ஏன் மாறுவதில்லை?

அடுத்த சந்தேகம். ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், லினக்ஸில் ஒரு சி புரோகிராம். சிஸ்டம் ஃபங்ஷனில் 'சிடி ஸ்லாஷ் டிஎம்பி' கொடுத்தேன். அடுத்த வரியில் 'பிடபிள்யூடி' கொடுத்தால் பழைய டைரக்டரியே வருகிறது. எரரும் இல்லை. ஏன்?"

தம்பி, டைரக்டரியை மாற்றும் அந்த சிடி கமாண்டு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் உங்கள் புரோகிராமுக்குள் இல்லை. சிஸ்டத்தைக் கூப்பிட்டதும் புதிதாக ஒரு சைல்டு பிராசஸ், அதாவது தனியாக ஓடும் இன்னொரு புரோகிராம், உருவாகும். அதுதான் 'ஸ்லாஷ் பின்' டைரக்டரியில் இருக்கும் எஸ்ஹெச் என்ற ஷெல்லாக, அதாவது கமாண்டுகளைப் படித்து ஓட்டும் புரோகிராமாக மாறி, நீங்கள் கொடுத்த கமாண்டை ஓட்டும். அது முடியும்வரை உங்கள் புரோகிராம் காத்திருக்கும், அவ்வளவுதான். டைரக்டரி ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. ஷெல் டிஎம்பிக்குப் போனது, அங்கேயே அதன் ஆயுசும் முடிந்தது. இரண்டாவது சிஸ்டம் கொண்டுவருவது வேறொரு ஷெல்.

இதோ, இரண்டு இடத்திலும் 'எக்கோ டாலர் டாலர்' போட்டு ஓட்டுகிறேன். ஷெல்லின் பிராசஸ் நம்பர் வரும். 4121... அடுத்தது 4122. பார்த்தீர்களா, வேறு வேறு ஆள்.

"காலேஜில் டர்போ சியில் மாறியதே சார்" என்று யாராவது கேட்பீர்கள். மாறும். டர்போ சி ஓடிய டாஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டைரக்டரி பிராசஸுக்கு என்று தனியாகக் கிடையாது, டிரைவுக்கு ஒன்றுதான். அங்கே பழகியவர்கள்தான் லினக்ஸுக்கு வந்ததும் இதில் மாட்டுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? புரோகிராமே இடம் மாற வேண்டுமென்றால் சிஹெச்டிஐஆர் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும் போதுமென்றால், சிடியையும் அதையும் நடுவில் இரண்டு ஆம்பர்சண்ட் போட்டு ஒரே ஸ்டிரிங்கில் கொடுங்கள். என்விரான்மென்ட் வேரியபிளை செட் செய்யும் எக்ஸ்போர்ட் கமாண்டுக்கும் இதே கதைதான், அதற்கு செட்என்வ் ஃபங்ஷன்.

அப்புறம், சிஸ்டத்தில் 'எக்ஸிட் 3' கொடுத்தால் அது திருப்பித் தரும் மதிப்பு 768 வருகிறது என்றும் அந்தத் தம்பி எழுதியிருக்கிறார். அது வெயிட் ஸ்டேட்டஸ், சைல்டு எப்படி முடிந்தது என்று சொல்லும் எண். லினக்ஸில் எக்ஸிட் கோடு மேல் பைட்டில் உட்காரும், 3 பெருக்கல் 256. டபிள்யூ எக்ஸிட் ஸ்டேட்டஸ் மேக்ரோவில் போட்டால் 3 கிடைக்கும்.

கடைசியாக, யூசருக்கு ஷெல் பிராம்ப்டையே காட்ட வேண்டுமாம். கமாண்டாக வெறும் 'எஸ்ஹெச்' கொடுங்கள், பிராம்ப்ட் வரும். எக்ஸிட் அடித்தால் உங்கள் அடுத்த வரிக்குத் திரும்பும். ஆனால் யூசர் டைப் செய்த ஃபைல் பெயரை அப்படியே கமாண்டோடு ஒட்டி சிஸ்டத்துக்குக் கொடுக்காதீர்கள். பெயருக்குப் பின்னால் ஒரு செமிகோலனும், ஃபைலை அழிக்கும் ஆர்எம் கமாண்டும் போட்டால், ஷெல் அதையும் மறுபேச்சில்லாமல் ஓட்டிவிடும்.