மழைக்கு முன் கதவைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாக மரவேலை செய்கிறவன் நான். பேசிப் பழக்கமில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள் வீட்டுத் தலைவாசலுக்கு உள்பக்கம், தரையில் வில் மாதிரி வளைந்த ஒரு கீறல் இருக்கிறதா? பீரோ நகர்த்திய தடம் என்று நினைத்திருப்பீர்கள். அது கதவு போட்ட கோடு. மேல் கீல் தளர்ந்து கதவு தொங்க ஆரம்பித்தால், பூட்டுப் பக்கத்துக் கீழ்முனை தரையை உரசும். கதவைப் பாதி திறந்துவைத்து, கைப்பிடியைப் பிடித்து லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கீலைப் பாருங்கள். பல சமயம் கீலில் குறை இருக்காது, முக்கால் அங்குல ஸ்குரூ போட்டிருப்பார்கள், அதுதான் கோளாறு. கழற்றிவிட்டு, ஓட்டையில் மூங்கில் சிம்பைப் பசையில் தோய்த்து அடித்து, காய்ந்தபின் ஒன்றரை அங்குல ஸ்குரூவாக முடுக்கினால் போதும்.

அப்படிச் செய்தும் உரசினால், கதவு மாட்டியிருக்கிற நிலையைச் சந்தேகப்பட வேண்டும். நிலையின் மேல்மூலையிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல் ஓடினால் அது ஆசாரி வேலையில்லை. என்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

இப்போது புரட்டாசி. வடகிழக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் 20 வாக்கில் தொடங்கிவிடும். ஐப்பசியில் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே பாட்டுதான்: “கதவு பிடிக்குது, வந்து இழைச்சு விடுங்க.” தொழிலுக்கு வந்த புதிதில் நானும் போய் இழைத்துக் கொடுத்தேன். சித்திரையில் அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி தாராளமாகப் போய்வந்தது. மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. மழையில் இழைத்தால் வெயிலில் இடைவெளி விழத்தான் செய்யும். என் குருநாதர் அன்றைக்குத் திட்டியதை வானொலியில் சொல்ல முடியாது.

ஈரம் எங்கிருந்து போகிறது? கதவின் முகத்துக்கு மூன்று கோட் பெயின்ட் அடிப்பார்கள். மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் அப்படியே விட்டுவிடுவார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று. சட்டங்களின் வெட்டுமுனை இருப்பது அங்கேதான். தண்ணீரை உறிஞ்சுவதும் அதுதான். ஒரு சின்னக் கண்ணாடியைக் கதவுக்கு அடியில் காட்டிப் பாருங்கள். பெயின்ட் படாத வெறும் மரம் தெரிந்தால், மழைக்கு முன் கதவு நன்றாகக் காய்ந்திருக்கும்போதே கழற்றிப் பெயின்ட் அடித்துவிடுங்கள். மொட்டை மாடிக் கதவுக்கும் இதுதான். அது தகரக் கதவாக இருந்தால் அடிப்பகுதியில் துரு.

அடுத்து நிலைக்காலின் அடி. நம் ஊரில் தினமும் வாசல் தெளிக்கிறோம், வெள்ளிக்கிழமை படியைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைக்கிறோம். அந்தத் தண்ணீர் நிலைக்கால் தரையைத் தொடும் மூலையில் தங்கிவிடும். படியைக் கழுவ வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது. கழுவியதும் அந்த மூலையைத் துணியால் துடைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஸ்குரூடிரைவர் முனையை அங்கே வைத்து அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இத்துப்போன மரத்தில், டீயில் ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே இறங்கும். அருகில் பென்சில் பருமனுக்கு மண்கோடு தெரிந்தால் கரையான். வெளியே பெயின்ட் பளபளக்கும், தட்டினால் டொக்கென்று வெற்றோசை வரும். மண்ணெண்ணெய் ஊற்றினால் கண்ணில் படுகிறது மட்டும்தான் சாகும். புற்று மண்ணுக்குள் இருக்கிறது. மருந்து அடிக்கிற ஆளை வைத்துச் செய்யுங்கள்.

சரி, திருட்டு. ஆயிரம் ரூபாய்க்குப் பூட்டு வாங்கி, நாலு சின்ன ஸ்குரூவில் நிற்கிற கொண்டியில் மாட்டுகிறோம். திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை. கடப்பாரையால் கொண்டியை நெம்பினால் பூட்டோடு கையில் வந்துவிடும். ஸ்குரூத் தலை வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதை எடுத்துவிட்டு, கதவைத் துளைத்து உள்பக்கம் நட் முடுக்குகிற போல்ட்டாகப் போடுங்கள். கொல்லைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தால் கீலின் ஊசி வெளியே இருக்கும், அதை யாரும் உருவிவிட முடியாதபடி கவனியுங்கள். தலைவாசலுக்குத் தேக்கு, கொல்லைக்கு இருக்கிறதிலேயே மலிவான கதவு என்பது நம் வழக்கம். வருகிறவன் எந்தப் பக்கம் வருவான்?

ஆனால் எனக்குத் திருடனைவிடப் பெரிய பயம் கிரில் கேட். போன வருடம் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், எங்கள் ஹாலில் ஸ்விட்ச் போர்டு புகைந்தது. கரண்ட் போய்விட்டது. தலைவாசலைத் திறந்துவிட்டேன். அதற்கு வெளியே கிரில், உள்பக்கம் பூட்டு. சாவியைக் காணோம். பூட்டு மாட்டிக்கொடுத்துச் சம்பாதிக்கிறவன், என் வீட்டுப் பூட்டைத் திறக்க முடியாமல் இருட்டில் தடவிக்கொண்டு நின்றேன். கடைசியில் சாவி என் மனைவியின் கைப்பையில் இருந்தது. புகை அதிகமாகவில்லை, பிழைத்தோம்.

அதனால் இன்று ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, வீட்டிலேயே வயதானவரையும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையும் கதவைத் திறந்து வெளியே போகச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுகிறதா, பெரியவர் கையால் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கிரில் சாவி இப்போது காலண்டர் ஆணியில் தொங்குகிறது. கிரிலுக்கு வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாது, நானே நீட்டிப் பார்த்துவிட்டேன். நன்றி, வணக்கம்.