புழுவுக்குக் கேமரா, குஞ்சு மீனுக்கு விலை: ஹோகிடிகா உணவுத் திருவிழா

[காட்சி: கடற்கரை. கடல் ஒதுக்கிய மரக்கட்டைகளால் அமைத்த ஊர்ப் பெயர்.]

இந்தக் கட்டைகளை எழுத்துக்கூட்டிப் படித்தால் ஹோகிடிகா என்று வரும். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், டாஸ்மன் கடலோரம் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய 3,000. 1860களில் தங்கம் கிடைத்து ஒரேயடியாகப் பெருத்தது, தங்கம் குறைந்ததும் சுருங்கிப்போனது. ஆனால் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் ஊரைவிடப் பெரிய கூட்டம் வந்து இறங்கும். எதற்கு? புழு தின்ன.

[காட்சி: திருவிழா மைதானம். வேடமிட்ட கூட்டம்.]

இதுதான் வைல்ட்ஃபுட்ஸ் திருவிழா. 1990இல் தொடங்கியது. யோசனை கிளேர் பிரையன்ட் என்ற உள்ளூர்ப் பெண்மணியுடையது. அவர் கோர்ஸ் என்ற முட்செடியின் மஞ்சள் பூவிலிருந்து ஒயின் தயாரித்தவர். இந்தச் செடியை ஐரோப்பியர்கள் வேலிக்காகக் கொண்டுவந்தார்கள். அது வேலியைத் தாண்டி நாடெங்கும் பரவிவிட்டது. நம் சீமைக் கருவேலம் கதைதான். தொல்லை தரும் செடியிலும் குடிக்க ஒன்றைக் கண்டுபிடித்த அந்தக் குணம்தான் இந்தத் திருவிழா முழுக்க இருக்கிறது. முதல் வருடம் சுமார் 1,800 பேர் வந்தார்கள். 2003இல் அது 22,000ஐத் தாண்டியது. அவ்வளவு கூட்டத்தை இந்த ஊர் எங்கே வைத்துக்கொள்ளும்? பிறகு எண்ணிக்கை இறங்கியது, அதுவும் நல்லதுக்குத்தான்.

[காட்சி: கோடரி, உளுத்த மரத்துண்டு. அண்மைக் காட்சி: வெள்ளைப் புழு.]

எல்லாருடைய கைப்பேசியும் நீளும் இடம் இதுதான். ஹூஹூ என்ற பெரிய வண்டின் புழு. உளுத்த மரத்துக்குள் இரண்டு மூன்று வருடம் மரத்தைத் தின்றே வளரும். விரல் நீளம் வரும். வண்டாக மாறிய பிறகு அது எதையுமே தின்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் மிச்ச நாட்கள் ஓடும். அந்தக் கொழுப்புதான் ருசிக்கும் காரணம். தின்றவர்கள் பலரும் வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு இது பழைய உணவு, வேடிக்கைப் பொருள் அல்ல. திருவிழாவில் மரத்தைப் பிளந்து உயிரோடும் எடுத்துத் தருவார்கள், வறுத்தும் தருவார்கள். உயிரோடு வாங்கினால் தலையை விட்டுவிடுங்கள், அதற்குத் தாடை உண்டு. மழைக்கு முன் ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற வீட்டில் வளர்ந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை.

ஆட்டு விதை வறுவல் கிடைக்கும். மான் கறி கிடைக்கும். ஆண் குதிரையின் விந்தைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக்கொடுத்த கடைகூட ஒரு வருடம் உலகச் செய்தியானது. என்னைக் கேட்டால், அதெல்லாம் சவாலுக்கு விழுங்குவது. சாப்பாட்டில் சேராது.

[காட்சி: தோசைக்கல் போன்ற தட்டையான இரும்புக்கல். முட்டையில் புரட்டிய பொடி மீன்கள்.]

சாப்பாடு இங்கே இருக்கிறது. ஒயிட்பெய்ட். நெத்திலியைவிட மெல்லிய, கண்ணாடி மாதிரி உடம்புக்குள் ஒளி புகும் குஞ்சு மீன். இந்த மேற்குக் கடற்கரைக்காரர்கள் இதை அடித்த முட்டையில் போட்டு, மாவு சேர்க்காமல், ஆம்லெட் போலச் சின்னச் சின்னதாக வார்ப்பார்கள். மாவு போட்டால் மீனைக் குறைத்து ஏமாற்றுகிறாய் என்று பொருள்! ஒரு கிலோ 100 நியூசிலாந்து டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

இத்தனை விலை ஏன்? இது ஒரே மீனின் குஞ்சு இல்லை, ஐந்து வகை நன்னீர் மீன்களின் குஞ்சுகள். அவற்றில் நான்கு வகை அருகி வருகின்றன. பிடிக்க அனுமதி உள்ள பருவமும் செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரண்டே மாதங்கள். ஆகவே மார்ச் மாதத் திருவிழாவில் கல்லில் வேகிற மீன் பெரும்பாலும் போன பருவத்தில் பிடித்து உறையவைத்ததுதான்.

[திரையில்: வரைபடம். மலை, ஆறு, கடல்.]

போகும் வழி: கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் பாஸ் மலைவழியாக ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். இது மழைக்குப் பேர்போன கரை, மழைக்கோட்டு கட்டாயம். சேண்ட்ஃப்ளை என்ற கடிக்கிற சின்ன ஈக்கு மருந்தும் வேண்டும்.

[காட்சி: ஆற்று முகத்துவாரம், கரையோரப் புல்.]

அப்புறம், வயிறு நிறைந்ததும் ஊர் ஆற்றங்கரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஒயிட்பெய்டின் ஐந்து வகையில் அதிகம் பிடிபடுவது இனங்கா. அது முட்டையிடும் காலம் இலையுதிர்காலம், அதாவது திருவிழாவை ஒட்டிய வாரங்கள்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், உயரும்போது தாய்மீன்கள் முகத்துவாரங்களின் கரைப்புல்லுக்குள் ஏறி முட்டையிடும். தண்ணீர் வடிந்துவிடும், முட்டைகள் ஈரப்புல்லின் அடியில் காத்திருக்கும். அடுத்த பெரிய ஓதம் வந்து தொட்டதும் பொரித்துக் கடலுக்குப் போகும். ஆறு மாதம் கழித்து ஆறேறி வரும்போதுதான் வலை காத்திருக்கும். மாடு மேய்ந்து அந்தப் புல் போனால் முட்டையும் போனது.

கரையில் நடக்கும்போது புல்லை மிதிக்காதீர்கள்.