பெட்டி இல்லாத ஸ்பீக்கரில் பேஸ் எங்கே என்று கேட்டவர்களுக்கு

வணக்கம். சென்ற வீடியோவில், பெட்டி இல்லாமல் வெறும் பலகையில் மாட்டிய ஸ்பீக்கரைக் காட்டியதிலிருந்து ஒரே கேள்வி: "பார்க்க அழகாக இருக்கிறது, பேஸ் எங்கே?" பேஸ் என்றால் அந்தக் கனத்த தாழ்ந்த ஒலி. சிலர் கேட்கக்கூட இல்லை, நேராகத் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். செல்பேசியின் பொத்தானளவு ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் பேஸ் இல்லை என்கிறவர்களிடம் என்ன பேசுவது? ஆனால் கேள்வி நியாயமானதுதான், அதுதான் இன்னும் எரிச்சல்.

ஸ்பீக்கரில் அசையும் கூம்பு, அதாவது கோன், முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் இழுக்கிறது. பெட்டி இருந்தால் பின்பக்க ஒலி உள்ளேயே அடைபடும். என்னுடையதைப் போன்ற திறந்த பலகையில் (ஓப்பன் பாஃபிள்) அது பலகை விளிம்பைச் சுற்றி வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். என் பலகையின் அகலம் அரை மீட்டர். இதெல்லாம் அதற்கு ஒரு தடையா? ஆகவே ஓர் அதிர்வெண் எல்லைக்குக் கீழே, ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 6 டெசிபல் வீதம் பேஸ் சரிகிறது. ஈக்வலைசரால் தூக்கி நிறுத்தலாம், ஆனால் கோன் பாடுபட வேண்டும். ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி அதே சத்தம் தர, மூடிய பெட்டியில் கோன் நான்கு மடங்கு அசைந்தால் போதும். இங்கே எட்டு மடங்கு. அதனால்தான் பேஸுக்கான பெரிய ஸ்பீக்கராக 15 அங்குல வூஃபர் போட்டேன்.

அந்த வூஃபருக்கு ஓட்டை போட்ட கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், ஒரு வட்டம், அவ்வளவுதான் வேலை. தச்சர் ஓட்டைக்கு அறுநூறு ரூபாய் கேட்டார். இரண்டு ஓட்டை, ஆயிரத்து இருநூறு! வெட்டி எடுத்த வட்டப் பலகையை அவரே வைத்துக்கொள்ளட்டும், விலையைக் குறையுங்கள் என்றேன். "அதை வைத்து நான் என்ன செய்ய? சரி, மீதிப் பெட்டி எங்கே சார்?" என்றார். பெட்டியே கிடையாது என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நூறு ரூபாய் குறைத்தார். பரிதாபமோ என்னவோ, எனக்கு லாபம். பேரம் பேசி ஜெயித்ததே அபூர்வம் என்பதால் இதை வெட்டாமல் வைக்கிறேன்.

அட, வூஃபரைப் பற்றி முக்கியமானதை விட்டுவிட்டேன். கையில் கிடைத்த எதையும் மாட்டாதீர்கள். கோனின் அசைவு எவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறது என்பதைக் காட்ட, க்யூடிஎஸ் என்று ஓர் எண் தந்திருப்பார்கள், அது 0.7 அளவில் இருந்தால் நல்லது. 0.3 உள்ள மேடை வூஃபரைப் பலகையில் மாட்டினால் பேஸ் மெலிந்துபோகும், பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

இனி ஒலி. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்ற வளைந்த ஒலி வழுக்குகிறதே, அந்த வளைவு முழுதாகக் கேட்கிறது. துளை வைத்த மலிவுப் பெட்டியில் அதே இடம் அண்டாவைத் தட்டினாற்போல் 'டொம்' என்று முடிந்துவிடும். அந்த 'டொம்'மை நான் வெறுக்கிறேன், பழைய பார்வையாளர்களுக்குத் தெரியும். பலகையில் அது வராததற்குக் காரணம் இருக்கிறது: இந்த ஸ்பீக்கர் '8' என்ற எண்ணின் வடிவத்தில் முன்னும் பின்னும் மட்டுமே ஒலிக்கிறது. பலகையின் விளிம்புக்கு நேராக நின்று பாருங்கள், பேஸ் ஏறக்குறைய மறைந்துவிடும். பக்கச் சுவர்களுக்குப் போகும் ஒலி குறைவு. அறையின் முழக்கமும் குறைவு. ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் லிங்க்விட்ஸ்-ரைலி கிராஸோவரில் பெயர் வருகிற வடிவமைப்பாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் தம் எல்எக்ஸ்521 ஸ்பீக்கரில் பேஸையும் திறந்தே வைத்தது சும்மா அல்ல.

ஆனால் வெடிகுண்டுக் காட்சியில் சோபா அதிர வேண்டுமென்றால் இது உங்களுக்கு வேண்டாம். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே தனியாக, மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஒரு மூடிய சப்வூஃபர் வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. இடமும் வேண்டும், பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஒரு மீட்டருக்கான பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது. அதுவரை ஸ்பீக்கர் நடுக்கூடத்தில்தான், எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.